ஆக்சிஜனைக் கண்டுபிடித்தும் கடைசிவரை நம்பாத விஞ்ஞானி: யார் இந்த ஜோசப் பிரீஸ்ட்லி?

ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார்? பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு ஜோசப் பிரீஸ்ட்லி என்று எழுதி பலரும் ஒரு மார்க் வாங்கியிருப்பார்கள். பதில் சரிதான். ஆனா, இதே பதிலை பிரீஸ்ட்லியிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். காரணம், ஆக்சிஜன் என்று ஒரு தனிமம் இருப்பதையே அவர் ஏற்கவில்லை.

1774-ல் அந்த வாயுவைத் தன் கையால் பிரித்தெடுத்தார். அதில் மெழுகுவத்தி பிரகாசமாக எரிவதைப் பார்த்தார். பிறகு அதை சுவாசித்தும் பார்த்தார். ஆனாலும் 1804-ல் இறக்கும்வரை அதற்கு வேறு பெயர்தான் சொன்னார், வேறு விளக்கம்தான் கொடுத்தார்.

இத்தனைக்கும் அவர் பழமைவாதி இல்லை. மதத்திலும் அரசியலிலும் ஊரையே எதிர்த்து நின்றவர். அதற்காக வீட்டைப் பறிகொடுத்தவர், நாட்டை விட்டே போனவர். அப்படிப்பட்டவர் ஒரு பழைய வேதியியல் கருத்தை மட்டும் ஏன் விடவில்லை? அவருடைய கண்ணாடிக் குடுவைக்குள் உண்மையில் என்னதான் நடந்தது?

யார் இந்த பிரீஸ்ட்லி?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், லீட்ஸ் நகருக்கு அருகே உள்ள பர்ஸ்டால் என்ற ஊரில் 1733-ம் ஆண்டு பிறந்தார். அப்பாவுக்கு துணி பதப்படுத்தும் தொழில். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, அத்தை வீட்டில் வளர்ந்தார். பேச்சில் திக்குவாய் உண்டு. ஆனாலும் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, பிரெஞ்சு, அரபி என்று மொழிகளாகப் படித்துத் தள்ளினார்.

அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேராதது. அன்றைய இங்கிலாந்தில் இது பெரிய விஷயம். அந்தத் திருச்சபையை ஏற்காதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் வாங்க முடியாது, அரசுப் பதவிக்கும் போக முடியாது. அதனால் இப்படிப்பட்டவர்கள் தங்களுக்கென்று தனிக் கல்வி நிலையங்களை நடத்தினார்கள். டாவென்ட்ரி என்ற ஊரில் இருந்த அப்படி ஒரு நிலையத்தில் படித்துத்தான் பிரீஸ்ட்லி மதபோதகர் ஆனார்.

அவர் செய்த வேலை மதபோதகம், கூடவே ஆசிரியப் பணி. வேதியியலை அவர் எந்தக் கல்லூரியிலும் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கவில்லை. லண்டனில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைச் சந்தித்த பிறகு மின்சாரத்தின் மீதான ஆர்வம் இன்னும் கூடியது. 1766-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அடுத்த ஆண்டே மின்சாரத்தின் வரலாறு பற்றி பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் துண்டு நன்றாக உதவுகிறது என்று 1770-லேயே எழுதி வைத்தவரும் இவர்தான்.

சாராயக் கிடங்கு பக்கத்து வீடு... வந்தது சோடா!

1767-ல் லீட்ஸ் நகரத்தில் ஒரு தேவாலயத்துக்குப் போதகராகப் போனார். தங்கிய வீட்டுக்குப் பக்கத்திலேயே பீர் காய்ச்சும் ஆலை. அங்கே தானியக் கூழ் புளித்துக்கொண்டிருக்கும் தொட்டிகளின் மேல் ஒரு வாயு எப்போதும் படர்ந்து நிற்கும். எரியும் குச்சியை அதற்குள் கொண்டுபோனால் பொசுக்கென்று அணைந்துவிடும். அது இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயு.

அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். குமிழி வரும், சுள்ளென்று ருசிக்கும் தண்ணீர் கிடைத்தது. சோடா தயார். செய்முறையை 1772-ல் புத்தகமாகவே வெளியிட்டார். காப்புரிமை எல்லாம் வாங்கவில்லை. பிற்பாடு ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் என்பவர்தான் இதைத் தொழிலாக்கி பணம் பார்த்தார். பிரீஸ்ட்லிக்குக் கிடைத்தது ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம்.

பணத்தை விட முக்கியமான ஒன்றை இந்தச் சோதனைகள் அவருக்குக் கொடுத்தன. காற்று என்றால் ஒரே பொருள்தான் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்பியிருந்த உலகத்தில், விதவிதமான காற்றுகள் இருக்கின்றன என்ற எண்ணம் அவர் மனதில் பலமாகப் பதிந்தது. வாயுக்களைப் பிடித்து வைக்க அப்போது தண்ணீர்த் தொட்டியைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். தண்ணீரில் கரையும் வாயுக்கள் அதில் சிக்காது. பிரீஸ்ட்லி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை ஊற்றினார். அந்த ஒரு மாற்றத்தால் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு என்று ஒவ்வொன்றாக அவரிடம் பிடிபட்டன.

மெழுகுவத்தி, எலி, புதினா: மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தியை ஏற்றி வைத்தால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். அந்தக் காற்றில் எலியை விட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. உலகம் முழுக்க அடுப்புகள் எரிகின்றன, மனிதர்களும் விலங்குகளும் மூச்சு விடுகிறார்கள். காற்று இந்நேரம் மொத்தமாகக் கெட்டுப்போயிருக்க வேண்டுமே! ஏன் கெடவில்லை?

1771 ஆகஸ்ட்டில், மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தால், அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி சரிசெய்கிறது என்று புரிந்தது. ஒளிச்சேர்க்கை என்று இன்று நாம் படிக்கும் பாடத்தின் முதல் பக்கங்களில் ஒன்று இது. சூரிய வெளிச்சம் இருந்தால்தான் இலை இந்த வேலையைச் செய்யும் என்பதை, 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் தெளிவாகக் காட்டினார்.

கவனிக்க வேண்டியது இதுதான். காற்றில் எது குறைகிறது, செடி எதைத் திருப்பித் தருகிறது என்பது பிரீஸ்ட்லிக்குத் தெரியாது. காற்று கெடுகிறது, காற்று சரியாகிறது. அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

1774 ஆகஸ்ட் 1: அன்றைக்கு என்ன நடந்தது?

1773-ல் ஷெல்பர்ன் பிரபு என்ற அரசியல் தலைவர் பிரீஸ்ட்லியைத் தன் நூலகராக அமர்த்திக்கொண்டார். வில்ட்‌ஷயரில் உள்ள பவுட் மாளிகையில் ஆய்வு செய்ய இடமும் நேரமும் கிடைத்தன. அங்கேதான் 12 அங்குல அகலமுள்ள பெரிய லென்ஸ் ஒன்று அவர் கைக்கு வந்தது. வெயிலை ஒரு புள்ளியில் குவித்தால் நெருப்பே இல்லாமல் கடும் சூடு கிடைக்கும். கிடைத்த பொருளையெல்லாம் சுட்டுப் பார்த்தார்.

ஆகஸ்ட் 1-ம் தேதி அவர் எடுத்தது ஒரு சிவப்புத் தூள். பாதரசத்தைக் காற்றில் நீண்ட நேரம் சூடாக்கினால் அதன் மேல் படியும் பொருள் அது. பாதரசத்தின் மேல் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குழாய்க்குள் அந்தத் தூளை வைத்து வெயிலைக் குவித்ததும், தூள் பளபளக்கும் பாதரசமாக மாறியது. கூடவே ஒரு வாயு வெளியே வந்தது. அதற்குள் மெழுகுவத்தியைக் காட்டினார். சுடர் சட்டென்று பெரிதாகிப் பிரகாசித்தது.

பிரீஸ்ட்லி ஆச்சரியப்பட்டார். ஆனால் புதிய பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. தனக்கு முன்பே தெரிந்த, சுடரைத் தூண்டும் இன்னொரு வாயுவாக இருக்கலாம் என்றுதான் எண்ணினார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம்தான் எலியை உள்ளே விட்டுப் பார்த்தார். அதே அளவு சாதாரணக் காற்றில் கால் மணி நேரம் தாங்கக்கூடிய எலி, இதில் அரை மணி நேரம் இருந்தது. செத்த மாதிரி தெரிந்தாலும், வெளியே எடுத்துச் சூடு காட்டியதும் எழுந்துகொண்டது.

பிறகு அவரே ஒரு குழாய் வழியாக அதை சுவாசித்தார். நெஞ்சு லேசாக, இதமாக இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். நுரையீரல் நோயாளிகளுக்கு இது ஒருநாள் உதவலாம் என்றும் எழுதினார். 2021-ல் ஆக்சிஜன் சிலிண்டருக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்ததைப் பார்த்த தலைமுறைக்கு அந்த வரியின் கனம் புரியும்.

குடுவைக்குள் உண்மையில் நடந்தது என்ன?

இன்றைய வேதியியல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே சோதனையைப் பார்க்கலாம்.

அந்தச் சிவப்புத் தூள், பாதரச ஆக்சைடு. ஒரு பாதரச அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் சேர்ந்த சேர்மம். மிதமான சூட்டில் பாதரசம் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். சூட்டை இன்னும் ஏற்றினால் பிடித்ததை விட்டுவிடும். லென்ஸ் செய்தது அந்த இரண்டாவது வேலையை.

விடுபட்ட ஆக்சிஜன் அணு சும்மா தனியாக இருக்காது. ஆக்சிஜனின் அணு எண் 8. அதாவது உட்கருவில் 8 புரோட்டான்கள், வெளியே 8 எலக்ட்ரான்கள். உள் கூட்டில் 2 எலக்ட்ரான், வெளிக் கூட்டில் 6. அந்த வெளிக் கூடு 8 ஆனால்தான் அணுவுக்கு நிம்மதி. இன்னும் 2 தேவை. பக்கத்தில் அதே குறையோடு இன்னொரு ஆக்சிஜன் அணு வந்தால், இரண்டும் ஆளுக்கு 2 எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இப்படி உருவாகும் ஜோடிதான் ஆக்சிஜன் மூலக்கூறு. சுருக்கமாக ஓ2. ஒரு அணுவின் நிறை சுமார் 16, ஜோடியின் நிறை 32. இரண்டுக்கும் இடையில் இருப்பது இரட்டைப் பிணைப்பு.

சரி, சுடர் ஏன் பெரிதானது? மெழுகில் கார்பனும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரிதல் என்பது இவை ஆக்சிஜனோடு சேர்வதுதான். ஆக்சிஜன் ஜோடி பிரிந்து, கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவி ஆகிறது. புதிய பிணைப்புகள் பழையதை விட உறுதியானவை என்பதால் மிச்சமாகும் ஆற்றல் வெப்பமாகவும் வெளிச்சமாகவும் வெளியேறுகிறது. ஆக ஆக்சிஜன் தானாக எரிவதில்லை, மற்ற பொருள்களை எரிய வைக்கிறது.

சாதாரணக் காற்றில் 100-க்கு 21 பங்குதான் ஆக்சிஜன். 78 பங்கு நைட்ரஜன் எரிதலில் கலந்துகொள்ளாது, வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். பிரீஸ்ட்லியின் குடுவையில் அந்த நைட்ரஜன் இல்லை. அதனால்தான் அவ்வளவு வெளிச்சம்.

அப்போ பிரீஸ்ட்லி என்ன நினைத்தார்?

அன்றைய வேதியியலை ஆண்டுகொண்டிருந்த கொள்கையின் பெயர் ஃப்ளோஜிஸ்டன். ஜெர்மனியைச் சேர்ந்த கெயார்க் ஸ்டால் பரப்பியது. எரியக்கூடிய எல்லாப் பொருளுக்குள்ளும் ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறிக் காற்றில் கலக்கிறது. இதுதான் கொள்கையின் சாரம்.

இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைக்குப் பல விஷயங்களை இது அழகாக விளக்கியது. விறகு எரிந்தால் கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சுகிறது, ஏதோ ஒன்று வெளியே போனது போலத்தானே தெரிகிறது? மூடிய ஜாடியில் மெழுகுவத்தி அணைவது ஏன்? உள்ளே உள்ள காற்று, தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்ச் மாதிரி, இனி ஃப்ளோஜிஸ்டனை வாங்க முடியாத அளவுக்கு நிரம்பிவிட்டது. செடி அந்த ஃப்ளோஜிஸ்டனை உறிஞ்சினால் காற்று மறுபடி சரியாகிறது. எல்லாமே பொருந்தியது.

இந்தக் கணக்குப்படி, மெழுகுவத்தியை அபாரமாக எரிய வைக்கும் காற்று என்றால் அதில் ஃப்ளோஜிஸ்டன் துளியும் இருக்கக் கூடாது. காய்ந்த ஸ்பாஞ்ச்! எனவே பிரீஸ்ட்லி தன் வாயுவுக்கு, ஃப்ளோஜிஸ்டன் நீக்கப்பட்ட காற்று என்று பெயர் வைத்தார். அவருக்கு அது ஒரு தனிமம் இல்லை. சுத்தம் செய்யப்பட்ட சாதாரணக் காற்று.

பார்த்தது எல்லாம் சரி. போனது எது, வந்தது எது என்ற கணக்கு மட்டும் தலைகீழ்.

பாரிஸ் விருந்தில் சொன்ன ரகசியம்

1774 அக்டோபரில் ஷெல்பர்ன் பிரபுவோடு பாரிஸுக்குப் போனார் பிரீஸ்ட்லி. அங்கே ஒரு விருந்தில், சிவப்புத் தூளிலிருந்து கிடைத்த அதிசய வாயுவைப் பற்றி விவரமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஆந்த்வான் லவாய்சியே.

லவாய்சியேவிடம் இரண்டு ஆண்டுகளாகவே ஒரு புதிர் இருந்தது. கந்தகமும் பாஸ்பரஸும் எரிந்த பிறகு எடை கூடுகின்றன என்று 1772-லேயே அவர் அளந்திருந்தார். ஏதோ ஒன்று வெளியேறினால் எடை குறைய வேண்டும், கூடுவது எப்படி? பிரீஸ்ட்லி சொன்ன வாயுவில் விடை இருந்தது.

லவாய்சியேவின் பலம் தராசு. பாதரசத்தை மூடிய அமைப்பில் 12 நாள் தொடர்ந்து சூடாக்கினார். காற்றின் அளவு சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, சிவப்புத் தூள் உருவானது. அந்தத் தூளை எடுத்து இன்னும் அதிகமாகச் சூடாக்கினார். எவ்வளவு காற்று குறைந்ததோ ஏறக்குறைய அவ்வளவு வாயு திரும்பி வந்தது. ஆக, பாதரசம் எதையும் வெளியேற்றவில்லை. காற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது, பிறகு திருப்பிக் கொடுத்தது.

இன்றைய எண்களில் சொன்னால், சுமார் 200 கிராம் பாதரசம் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 216 கிராம் தூளாகும். சுட்டால் மறுபடி 200-ம் 16-ம் தனித்தனியாக வரும். இந்தக் கணக்கில் ஃப்ளோஜிஸ்டனுக்கு இடமே இல்லை.

அந்த வாயு ஒரு தனிமம் என்று லவாய்சியே முடிவுக்கு வந்தார், ஆக்சிஜன் என்று பெயரிட்டார். ஆனால் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரையில் பிரீஸ்ட்லியின் பங்கைக் குறிப்பிடவில்லை. பிரீஸ்ட்லிக்கு அந்த வருத்தம் இருந்தது.

அப்படியானால் கண்டுபிடித்தது யார்தான்?

போட்டியில் மூன்றாவது ஆளும் உண்டு. ஸ்வீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்தாளுநர், பிரீஸ்ட்லிக்கு முன்பே இந்த வாயுவைத் தயாரித்துவிட்டார். ஆனால் அவருடைய புத்தகம் 1777-ல்தான் வெளிவந்தது. முதலில் செய்தவர் ஷீலே, முதலில் வெளியிட்டவர் பிரீஸ்ட்லி, அது என்னவென்று புரிந்துகொண்டவர் லவாய்சியே. எதைக் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொள்கிறோமோ, அதைப் பொறுத்து பதில் மாறும்.

லவாய்சியேவும் நூற்றுக்கு நூறு சரியில்லை. ஆக்சிஜன் என்ற சொல்லுக்கு கிரேக்க வேர்ப்படி அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று அவர் நம்பியதால் வந்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்பது பிறகு ஹம்ஃப்ரி டேவியின் ஆய்வுகளால் தெளிவானது. தவறான பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அந்த வகையில் தமிழில் வழங்கும் பிராணவாயு, உயிர்வளி என்ற பெயர்கள் எவ்வளவோ பொருத்தம்.

வீட்டை ஏன் எரித்தார்கள்?

1780-ல் பிரீஸ்ட்லி பர்மிங்ஹாமுக்குக் குடிபோனார். அங்கே ஜேம்ஸ் வாட், எராஸ்மஸ் டார்வின், ஜோசையா வெட்ஜ்வுட் போன்றவர்கள் இருந்த லூனார் சொசைட்டியில் சேர்ந்தார். பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள், திரும்பிப் போக நிலா வெளிச்சம் கிடைக்குமே! அவருடைய வாழ்க்கையின் சந்தோஷமான காலம் அது.

ஆனால் அவருடைய மதக் கருத்துகளும் அரசியல் கருத்துகளும் பலருக்கு எரிச்சலூட்டின. இயேசு கடவுள் இல்லை, மனிதர் என்று எழுதினார். திருச்சபைக்கு அரசு தரும் தனிச் சலுகை கூடாது என்றார். பிரெஞ்சுப் புரட்சியை வெளிப்படையாக ஆதரித்தார்.

1791 ஜூலை 14. பாஸ்டில் சிறை வீழ்ந்த இரண்டாவது ஆண்டை ஒட்டி பர்மிங்ஹாமில் ஒரு விருந்து. பிரீஸ்ட்லி அதில் கலந்துகொள்ளவே இல்லை. ஆனாலும் திரண்ட கும்பல் அவர் போதித்த தேவாலயத்தைக் கொளுத்திவிட்டு அவர் வீட்டுக்கு வந்தது. அவரும் மனைவி மேரியும் கடைசி நேரத்தில் தப்பினார்கள். நூலகம், ஆய்வகக் கருவிகள், பல ஆண்டு உழைத்து எழுதிய கைப்பிரதிகள் எல்லாம் அழிந்தன. அவர் பிரித்தெடுத்த வாயு எதையெல்லாம் செய்யும் என்பதை அவருக்கே காட்டியது அந்த இரவு.

லண்டன் பக்கம் ஒதுங்கினார். அங்கேயும் நிம்மதி இல்லை. ராயல் சொசைட்டி நண்பர்களில் பலர் ஒதுங்கிப் போனார்கள். 1794 ஏப்ரலில் மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோதுதான், மே 8-ம் தேதி, பாரிஸில் லவாய்சியே கில்லட்டினில் கொல்லப்பட்டார். அரசனுக்காக வரி வசூலித்த நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தார் என்பது அவர் மீதான பழி. ஒருவர் புரட்சியை ஆதரித்ததால் நாட்டை இழந்தார். இன்னொருவர் அதே புரட்சியிடம் உயிரை இழந்தார்.

கடைசிவரை ஏன் மாறவில்லை?

பென்சில்வேனியாவில் நார்தம்பர்லாந்து என்ற சிற்றூரில் குடியேறினார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடி வந்தும் ஏற்கவில்லை. 1795-ல் இளைய மகன் ஹென்றி இறந்தார், அடுத்த ஆண்டு மேரியும் இறந்தார். அந்தத் தனிமையிலும் வீட்டோடு ஓர் ஆய்வகம் கட்டிச் சோதனைகளைத் தொடர்ந்தார். 1800-ல், ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் லவாய்சியே பக்கம் போய்விட்ட பிறகு, ஃப்ளோஜிஸ்டன் கொள்கை நிரூபிக்கப்பட்டது என்று ஒரு புத்தகமே வெளியிட்டார்.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று நியாயமானது. இரும்புக் கசடையும் நன்றாக உலர்ந்த கரியையும் சேர்த்துச் சுட்டால் எரியும் வாயு ஒன்று வருகிறது. எரியும் வாயு என்றால் அது ஹைட்ரஜன். ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்துதான் வரும் என்கிறார்கள் லவாய்சியே தரப்பினர். இதில்தான் தண்ணீரே இல்லையே, பிறகு எங்கிருந்து வந்தது?

அவர்களிடம் உடனடியாகத் தெளிவான பதில் இல்லை. 1800-ல் வில்லியம் குருக்‌ஷாங்க் என்பவர்தான் முடிச்சை அவிழ்த்தார். அந்த வாயு ஹைட்ரஜனே இல்லை. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு. இரண்டுமே எரியும் என்பதால் இரண்டையும் ஒன்று என்று எண்ணிவிட்டார்கள். ஒரு கார்பன் அணுவோடு ஒரே ஒரு ஆக்சிஜன் அணு சேர்ந்தால் எரியும் விஷவாயு, இரண்டு சேர்ந்தால் தீயை அணைக்கும் சோடா வாயு. அணுக்களின் எண்ணிக்கை மாறினால் குணமே மாறும் என்பது அன்றைக்கு யாருக்கும் பழகாத சிந்தனை. பிரீஸ்ட்லியின் கேள்விதான் அந்த வாயுவை ஒழுங்காக ஆராய வைத்தது.

1804 பிப்ரவரி 6-ம் தேதி பிரீஸ்ட்லி இறந்தார். அப்போது அவருக்கு 70 வயது.

ஒன்று இல்லை, ஜோடி!

அவருக்குப் பிறகும் கதை முடியவில்லை. ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அது ஜோடியாக இருப்பது தெரியாது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது என்று சோதனைகள் காட்டின. ஆக்சிஜன் தனி அணுவாக இருந்தால் ஒரு அணு எப்படி இரண்டு நீர் மூலக்கூறுகளுக்குப் போதும்? அணுவைப் பாதியாக உடைக்க முடியாதே!

1811-ல் இத்தாலியின் அமேடியோ அவகாட்ரோ விடை சொன்னார். ஆக்சிஜன் துகள் என்பதே இரண்டு அணுக்களின் ஜோடி, அந்த ஜோடி பிரிந்து ஆளுக்கொரு நீர் மூலக்கூறுக்குப் போகிறது. எளிமையான பதில். ஆனால் அணுக் கொள்கையின் தந்தையான ஜான் டால்டனே இதை ஏற்கவில்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், சேராது என்பது அவர் நம்பிக்கை. 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த மாநாட்டில் கனிஸாரோ அவகாட்ரோவின் கருத்தை எடுத்துவைத்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஆக, கண்முன் இருந்த ஆதாரத்தைத் தன் கொள்கைக்காகத் தள்ளி வைத்தவர் பிரீஸ்ட்லி மட்டும் இல்லை.

இன்று நமக்கு அந்த ஜோடியைப் பற்றி இன்னும் நிறையத் தெரியும். மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் அது வெளிர் நீல நிறத் திரவமாகும், காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதில் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதே காரணம். அந்த அமைப்பால்தான் ஆக்சிஜன் மற்ற பொருள்களோடு சட்டென்று வினைபுரிவதில்லை. தீப்பற்ற ஒரு பொறி தேவைப்படுவதற்கும், ஆக்சிஜன் நிறைந்த காற்றில் காகிதமும் மரமும் நாமும் பத்திரமாக இருப்பதற்கும் இது முக்கியமான காரணம். இரண்டுக்குப் பதில் மூன்று அணுக்கள் சேர்ந்தால் அது ஓசோன். உயரே இருந்தால் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும், கீழே சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல்.

1874 ஆகஸ்ட் 1-ம் தேதி, அந்தச் சோதனையின் நூற்றாண்டு நாளில், அமெரிக்க வேதியியலாளர்கள் நார்தம்பர்லாந்தில் பிரீஸ்ட்லியின் வீட்டருகே கூடினார்கள். அங்கே எழுந்த பேச்சின் தொடர்ச்சியாக 1876-ல் அமெரிக்க வேதியியல் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் தரும் மிக உயர்ந்த விருதின் பெயர் பிரீஸ்ட்லி பதக்கம். அவர் நம்பிய கொள்கையை இன்று அந்தச் சங்கத்தில் ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் அவர் செய்த சோதனைகள் தவறவே இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி, ஒளிக்காமல், யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதி வைத்தார். அவர் கொள்கை தவறு என்று மற்றவர்கள் நிரூபிக்க உதவியதும் அந்தக் குறிப்புகள்தான்.